ஈசானிய மூலை

நிலத்தைக் காட்ட முதல்முறை அழைத்துப் போன அன்று நஞ்சுண்டன் கையோடு கற்பூரமும் கொண்டு வந்திருந்தார். விரிகுடாப் பக்கமிருந்து உப்பு வாடையோடு அடித்த காற்றில் தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் காரின் கதவைத் திறந்து வைத்து, அதன் மறைவில் குந்தி உட்கார்ந்து, ஒரு கல்லின் மேல் எப்படியோ ஏற்றிவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தவர், கற்பூரம் இருந்த சிவப்பு உறையைக் கசக்கிக் கீழே போட்டார். புஷ்பவல்லி அதைப் பார்த்தாள். எடுக்கக் கை துறுதுறுத்தது. பணம் கொடுக்கிறவர் முன்னால் குனிந்து குப்பை பொறுக்கினால் அவரைக் குத்திக் காட்டுவதாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அமெரிக்காவில், 880 ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலைக்கும் உப்பளங்களுக்கும் நடுவில் கிடந்த நிலம் அது. ஒரு காலத்தில் காலிஃபிளவர் விளைந்ததாம். இப்போது முழங்கால் உயரக் காய்ந்த புல், தரை அணில்களின் வளைகள், காற்று கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் பைகள். இருபது வருஷம் சிப் கம்பெனியில் இருந்துவிட்டு வெளியே வந்த நஞ்சுண்டன், தெரிந்த சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு இதை வாங்கியிருந்தார். மளிகைக் கடை, ஓட்டல், பாட்டு வகுப்பு, கல்யாணம் வளைகாப்புக்கு ஒரு ஹால் என்று எல்லாம் ஒரே இடத்தில் வரவேண்டும் என்பது திட்டம். கட்டுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்து எழுத நகராட்சிக்கு ஒரு பயாலஜிஸ்ட் வேண்டும். புஷ்பவல்லி வேலை செய்த சிறிய கன்சல்டிங் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. கோபிசெட்டிபாளையத்துப் பெண் என்று தெரிந்ததும் காங்கேயத்துக்காரரான நஞ்சுண்டன் முதல் போனிலேயே சொந்தம் கொண்டாடிவிட்டார்.

"ஏனுங் அம்மிணி, ஏதாச்சும் தென்படுதுங்களா? மயிலு கியிலு?"

அவள் கண் அதற்குள் வேலிப் பக்கம் போயிருந்தது. வடக்குப் பக்கத்து வேலி ஓரம், மண் மேட்டின் மேல் எதுவோ நின்றுகொண்டிருந்தது. பைனாகுலரை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, கோழிக்குஞ்சாட்டம் நிக்குது. தோப்புக்கரணம் வேற போடுது! என்னுங் அது?"

"ஆந்தைங்ணா."

அவர் பைனாகுலரைச் சட்டென்று இறக்கினார். "பட்டப்பகல்லயா?"

"இது வளை ஆந்தை. பகல்லயும் வெளிய நிக்கும். மரத்துல இருக்காது. அணில் தோண்டுன வளையில குடியிருக்கும். ஜோடியா இருக்குதுங்க. உள்ள இன்னொண்ணு இருக்கு."

ஒரு சாண் உயரம்தான் இருக்கும். நெட்டைக் கால்கள், மஞ்சள் கண்கள். இவர்களை அளந்து பார்ப்பதற்காக அது தாழ்ந்து எழுந்தது, மறுபடி தாழ்ந்து எழுந்தது. நஞ்சுண்டன் காரை நோக்கி இரண்டடி பின்வாங்கியிருந்தார்.

"அம்மிணி, ஒரு உதவி. மத்தவங்ககிட்டப் பேசும்போது அந்தப் பேர எடுக்காதீங்க. பேர்டுன்னு மட்டும் சொல்லுங்க. கற்பூரம் ஏத்துன கையோட இதச் சொன்னா என்ற சம்சாரமே நிலத்த வித்துப்போடுங்கும்."

சட்டம் என்ன சொல்கிறது என்று அவள் விளக்கினாள். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் முடிய முட்டையும் குஞ்சுமாக இருக்கும் காலம். அப்போது யாரும் கிட்டே போகக்கூடாது. மற்ற மாதங்களில் அவற்றை வெளியேற்றலாம். வளையின் வாயில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு பொருத்துவார்கள். வெளியே வரலாம், உள்ளே போக முடியாது. ஆந்தை சில நாள் வெளியே நின்று பார்த்துவிட்டு எங்கேயாவது போய்விடும். பிறகு வளையைத் தோண்டி மூடிவிடலாம். தொழிலில் இதற்கு 'பாஸிவ் ரீலொகேஷன்' என்று பெயர். யாரும் பறவையைத் தொடுவதில்லை, அதுவாகவே போய்விட்டது என்று எழுதிக்கொள்ளலாம். எங்கே போகும் என்று எழுத வேண்டிய இடம் அந்தப் படிவங்களில் கிடையாது.

"அப்புறமென்னுங், கதவப் போட்டுடலாம்" என்றார் நஞ்சுண்டன். நிம்மதி குரலிலேயே தெரிந்தது.

புஷ்பவல்லி இதுவரை நான்கு இடங்களில் அந்தக் கதவைப் பொருத்தியிருக்கிறாள். நான்கிலும் கட்டடம் வந்துவிட்டது. ஒரு இடத்தில் பெரிய கம்பெனி ஒன்றின் கார் நிறுத்தம். அந்த வழியாகப் போக நேர்ந்தால் இப்போதும் அடுத்த எக்ஸிட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவாள். விரிகுடாவின் இந்தக் கரை முழுக்க இப்படித்தான் ஒவ்வொரு காலி மனையாகத் தீர்ந்து வந்தது. வெளியேற்றப்பட்டவை போய்ச் சேர்ந்த அடுத்த மனையிலும் அவளைப் போல ஒருத்தி பைனாகுலரோடு வந்து நின்றாள்.

இந்த முறை வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் மேட்டையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"அண்ணா, அது எந்த மூலைங்க?"

அவர் சூரியனைப் பார்த்தார். ஃப்ரீவேயைப் பார்த்தார். "வடகிழக்கு. ஈசானியம்."

"ஈசானியத்துல பாரமா எதையும் ஏத்தக்கூடாதும்பாங்க இல்லீங்களா?"

நஞ்சுண்டனின் முகம் மாறியது. மேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அம்மிணி, நீங்க வாஸ்து பாப்பீங்களா?"

"எங்கப்பா வீடு கட்டிக் குடுத்துட்டு இருந்தாருங்க. காதுல விழுந்ததுதான்."

"ஆர்க்கிடெக்ட் அந்த மூலையில லோடிங் டாக் போட்டிருக்கானுங்க! லாரி வந்து நிக்கற எடம்! நல்லவேளை சொன்னீங்க." அவருக்கு உண்மையாகவே வியர்த்துவிட்டது. "அந்த மூலைய அப்படியே விட்டுப்போடலாம். உங்க பேர்டும் இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. நான்கு இடங்களில் சட்டம், ஆராய்ச்சி, புகைப்படம், கெஞ்சல் என்று எல்லாவற்றையும் வைத்துச் செய்ய முடியாததை ஒரே வாக்கியம் செய்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். திருமூர்த்திக்கு சாஃப்ட்வேர் வேலை. எதையும் பாதி விளையாட்டாகவே கேட்பவன்.

"சரியாப் போச்சு. பயாலஜிஸ்ட் அம்மா வாஸ்து ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சாச்சு. அடுத்து பேர் ராசி, கல்லு மோதிரம். இன்ட்ரஸ்டிங் சைடு பிசினஸ்."

"சிரிக்காத. அரை ஏக்கர் கெடச்சிருக்கு."

"உனக்கு அதுல நம்பிக்கை இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அவங்களுக்கு இருக்கு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். ஏதோ சொல்ல வந்தவன், சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டான். அவளும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பெரும்பாலான பேச்சு அப்படித்தான் முடியும்.

அந்த வசந்தத்தில் ஜோடி குஞ்சு பொரித்தது. மாதம் இரண்டு முறை பார்த்தால் போதும் என்றிருந்த இடத்துக்கு அவள் வாரத்துக்கு ஒருமுறை போனாள். வேலி ஓரமாகக் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஆண் பறவை எங்கிருந்தாவது காய்ந்த சாணத்தைக் கொண்டுவந்து வளை வாயில் பரப்பும். அதைத் தேடி வண்டுகள் வரும். வந்த வண்டுகளை வீட்டு வாசலிலேயே பிடித்துத் தின்னலாம். பளபளவென்று எது கிடைத்தாலும் அதையும் கொண்டுவந்து வாசலில் போட்டுக்கொள்ளும். ஒருநாள் எட்டு வயது மகள் ஓவியாவையும் அழைத்துப் போனாள். வாசலில் ஐந்து குஞ்சுகள், பள்ளியில் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றன.

"அம்மா, தே ஆர் ஆல் லுக்கிங் அட் யூ" என்றாள் ஓவியா. "நாட் மீ. ஜஸ்ட் யூ."

"எனக்குப் பழகிருச்சு. உன்னை இப்பத்தான பாக்குது."

அது உண்மைதான். வேறு யாராவது வேலிக்கு அருகில் வந்தால் ஆண் பறவை எச்சரிக்கைக் குரல் கொடுத்து எழும்பிப் பறக்கும். அவள் மேட்டுக்குப் பத்தடி வரை நடந்து போனாலும் அது தாழ்ந்து எழுமே தவிர நகராது. காட்டு உயிரை அப்படிப் பழக்குவது தப்பு என்று அவளுக்குத் தெரியும். இந்த இடம்தான் பத்திரமாயிற்றே என்று இருந்துவிட்டாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து பத்திரம் என்று அவள் நம்பிய ஒரே இடம் அது.

இலையுதிர் காலத்தில் குஞ்சுகள் கலைந்து போயின. தாயும் தகப்பனும் மட்டும் இருந்தன. அந்தச் சமயத்தில்தான் வாஞ்சிநாதன் வந்தார்.

சென்னையில் பெயர் பெற்ற வாஸ்து நிபுணர். வருஷத்துக்கு ஒருமுறை அமெரிக்கா வந்து, ஊர் ஊராகத் தமிழர் வீடுகளில் தங்கி, கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். நஞ்சுண்டன் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, பங்குதாரர்கள் எல்லோரையும் கூட்டியிருந்தார். நிலத்தின் உயிரினங்கள் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்குப் புஷ்பவல்லியும் வரவேண்டியிருந்தது. சாந்தாமணி, நஞ்சுண்டனின் மனைவி, எல்லோருக்கும் பணியாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வாஞ்சிநாதன் சன்னமான மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் ஒரு சின்னத் திசைகாட்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். பேச்சு தானாக அடங்கியது.

"இங்க நீலமா போட்டிருக்கே, இது என்ன?"

"மழைத்தண்ணிக் குளங்க" என்றார் நஞ்சுண்டன். "கூரையிலயும் பார்க்கிங்லயும் விழற தண்ணிய அப்படியே சாக்கடைக்கு விடக்கூடாதுன்னு இப்ப ரூல். ஒரு குளத்துல நிறுத்தி, மண்ணுல வடிகட்டித்தான் விடோணும். நிலம் அந்தப் பக்கந்தான் சரிவு."

"தென்மேற்குல." வாஞ்சிநாதன் மெதுவாக நிமிர்ந்தார். "கன்னி மூலையில பள்ளம் வெட்டித் தண்ணி நிறுத்தறீங்க."

சாந்தாமணியின் கையிலிருந்த கரண்டி தட்டில் இடித்தது மட்டும் கேட்டது. தொழில் செய்யும் இடத்தில் கன்னி மூலையில் பள்ளம் என்றால் என்னென்ன நேரும் என்று வாஞ்சிநாதன் சொல்லவே இல்லை. சொல்லாததை ஒவ்வொருவரும் அவரவர் மனத்தில் நிரப்பிக்கொண்டார்கள்.

"பயப்பட வேண்டாம். தண்ணிக்குன்னே ஒரு இடம் இருக்கு." அவருடைய விரல் காகிதத்தின் மேல் குறுக்காக நகர்ந்து வந்தது. புஷ்பவல்லி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கே போய் நிற்கும் என்று பாதி வழியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பிறந்த வீட்டில் கிணறு எங்கே இருந்தது? அவள் அப்பா கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எந்த மூலையில் போர் போட்டார்கள்? பாரம் கூடாது என்பது பாதி. தண்ணீர் வேண்டும் என்பது மறு பாதி. அந்த மறு பாதியும் அவள் காதில் விழுந்ததுதான். வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

விரல் நின்றது. "இதை ஏன் சும்மா விட்டிருக்கீங்க?"

"அம்மிணிதாங்க சொன்னாங்க!" நஞ்சுண்டன் பெருமையோடு அவள் பக்கம் கையை நீட்டினார். "ஆர்க்கிடெக்ட் அங்க லாரிய நிறுத்தப் பாத்தான். இவங்க மட்டும் அன்னைக்குச் சொல்லாட்டி என்ன ஆயிருக்கும்!"

வாஞ்சிநாதன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்லதும்மா. காலியா விட்டது நல்லதுதான். ஆனா ஈசானியம் காய்ஞ்சு கிடக்கக்கூடாது."

"அங்க ஒரு... பேர்டு இருக்குங்க" என்றாள் புஷ்பவல்லி. எல்லோரும் திரும்பினார்கள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வளை தண்ணில முழுகிடும். தவிர, நிலம் அந்தப் பக்கம் மேடு. குளத்த அங்க கொண்டு போகணும்னா மொத்த நிலத்தையும் வெட்டி நிரப்பி சரிவையே மாத்தணும். அதுக்கு எவ்வளவு லாரி மண்ணு..."

"மாத்திடலாங்க" என்றார் நஞ்சுண்டன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கெல்லாம் பாத்தா ஆகுமுங்களா."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஆந்தைக்காக மூன்றடி வேலியை நகர்த்தச் சொன்னபோது இரண்டு மாதம் யோசித்தவர்கள் அவர்கள்.

மறுநாள் நிலத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று வாஞ்சிநாதன் சொல்லியிருந்தார். தானே காரில் அழைத்துப் போவதாகப் புஷ்பவல்லி கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலியருகே நிறுத்திவிட்டு மேட்டைக் காட்டினாள். ஆண் பறவை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெண் பறவை அதன் பின்னால் பாதி உடம்பை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது.

"ஆந்தையா?" அவர் பின்வாங்கவில்லை. "என்ன லட்சணமா இருக்கு."

"இதுங்க வருஷா வருஷம் இதே வளைக்குத்தான் வரும். வெளியேத்தினா போக இடமில்ல. சுத்தி எல்லாம் கட்டியாச்சு. அந்தப் பக்கம் உப்புத் தண்ணி." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஈசானியம் திறந்த வெளியா இருந்தாலே போதும், தண்ணி கட்டாயமில்லன்னு. ஒரு சின்ன நீரூற்று, ஒரு தொட்டி, அது போதும்னு சொன்னாக்கூட..."

"தொட்டி போதும்தான்" என்றார் அவர். "ஆனா அந்தப் பெரிய குளத்துக்கு இடம் வேணுமே. கன்னி மூலையில கூடாது. தென்கிழக்கு அக்கினியில கூடாது. வடமேற்கு வாயுவில அவங்க கட்டடம் வருது. மீதி இது ஒண்ணுதான்."

"தென்மேற்குல இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லலாமே."

வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நீங்க ரிப்போர்ட் எழுதறீங்களேம்மா. இல்லாத பறவைய இருக்குன்னு எழுதுவீங்களா?"

"மாட்டேன்."

"இருக்கறத இல்லன்னு?"

அவள் மேட்டின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"நானும் அப்படித்தான். எனக்கு இது சாஸ்திரம். படிச்சதச் சொல்றேன், படிக்காதத எப்படிச் சொல்றது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஆந்தையைப் பார்த்தார். "உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டா?"

"இல்ல, சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "அப்ப நீங்க ஏம்மா இத ஆரம்பிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் காரைக் கிளப்பினாள்.

அவளுடைய மேலதிகாரி மார்கரெட்டுக்குப் புதிய வரைபடம் பிடித்துவிட்டது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருந்து, எதற்கும் வருத்தப்படுவதை விட்டுவிட்டவள். "இதைப் பாரேன்" என்றாள். "குளத்தைச் சுற்றி உள்ளூர்ப் புல், நாணல், பூச்செடிகள். வாத்து வரும், தவளை வரும், தட்டாம்பூச்சி வரும். இரண்டு ஆந்தை போய்ப் பதினைந்து இனம் வருகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் பல்லுயிர் வளம் கூடித்தான் இருக்கிறது. ஆந்தைகளுக்கு மேற்கு வேலி ஓரம் செயற்கை வளை வைத்துவிடலாம்."

"அந்த இடம் பார்க்கிங்குக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற சந்து" என்றாள் புஷ்பவல்லி. "அங்க அது தங்காது."

"தங்காமலும் போகலாம் என்று எழுது. எழுதுவதைத்தானே நம்மிடம் கேட்கிறார்கள்."

அவள் எழுதினாள். வளம் கூடும் என்று எழுதினாள். ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான். அதனால்தான் எழுத முடிந்தது. மாட்டேன் என்று எழுந்து வந்திருக்கலாம். அவள் போனால் அந்தக் கதவைப் பொருத்த வேறொருவர் வருவார். நாள் கணக்காகக் காத்திருக்க மாட்டார், அவசரத்தில் உள்ளே இருக்கும்போதே மண்ணைத் தள்ளிவிடவும் கூடும். இப்படித்தான் ஒவ்வொரு முறையும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். இந்த முறையும் சொல்லிக்கொண்டாள். வீட்டில் அவள் இதைச் சொன்னபோது திருமூர்த்தி அவள் தோளில் கை வைத்தான். விளையாட்டாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு.

மார்கழியில் யாரும் பூமி பூஜை போட மாட்டார்கள். அந்த மாதம் முழுக்க நிலத்தை யாரும் தொடவில்லை. இயந்திரங்கள் வந்து வேலிக்கு வெளியே நின்றன. மாதம் இன்னும் கொஞ்சம் நீண்டால், எப்படியாவது பிப்ரவரி வந்துவிட்டால், ஆகஸ்ட் வரை யாராலும் அசைக்க முடியாது என்று அவள் நினைத்ததுண்டு. நஞ்சுண்டனுக்கும் அது தெரிந்திருந்தது. தை பிறந்ததும் வரும் முதல் நல்ல முகூர்த்தத்தைக் குறித்து வைத்திருந்தார். ஜனவரிக்குள் பூஜை, அதற்கு முன் கதவு. சட்டத்தின் பஞ்சாங்கமும் முகூர்த்தப் பஞ்சாங்கமும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டன.

பொங்கலுக்கு மறுநாள் காலை அவள் கதவைப் பொருத்தினாள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு, மேலே ஒரு கீல். மேட்டின் மேல் அவள் மண்டியிட்டபோது ஆண் பறவை பக்கத்து வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பறந்து போகவில்லை. பெண் பறவை மாலையில் வெளியே வந்தது. தகடு அதன் பின்னால் சத்தமில்லாமல் விழுந்தது. திரும்பிப் பார்த்தது. உள்ளே தன் வீடு தெரிகிறது, போக முடியவில்லை. அலகால் ஒருமுறை தட்டிப் பார்த்தது. பிறகு இரண்டும் கதவுக்கு முன்னால் பக்கம் பக்கமாக நின்றன.

அடுத்த நாளும் நின்றன. அதற்கு அடுத்த நாளும் நின்றன. மேற்குச் சந்தில் அவள் புதைத்து வைத்திருந்த செயற்கை வளையின் பக்கம் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மழை பெய்தது. மழை விட்டபோது ஆண் பறவை மட்டும் இருந்தது. பெண் பறவையைத் தேடி அவள் வேலியைச் சுற்றி வந்தாள். ஃப்ரீவே ஓரச் சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட ஒவ்வொரு இறகுக்கும் சருகுக்கும் நின்று நின்று பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அது எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வளையைக் கையால்தான் தோண்ட வேண்டும் என்பது விதி. உள்ளே ஏதாவது உயிர் மிஞ்சியிருந்தால் வெளியே வரும் வழி அடைபடாமலிருக்கக் குழாயைச் செருகிக்கொண்டு, கைக்கரண்டியால் அங்குலம் அங்குலமாகத் தோண்டினாள். காய்ந்த சாணம், வண்டுகளின் ஓடுகள், குஞ்சுகளின் உதிர்ந்த தூவி. வாசலுக்குச் சற்று உள்ளே, எல்லாவற்றுக்கும் நடுவில், மடித்துப் பதித்து வைத்ததுபோல ஒரு சிவப்புக் காகிதம். எடுத்துத் தட்டினாள். கற்பூர உறை. அதன் மேல் அச்சிட்டிருந்த விளக்கின் படம் இன்னும் அழியவில்லை. பளபளப்பாக இருந்திருக்கும், வாசலில் போட்டுக்கொண்டிருக்கிறது.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு குழியோடு சேர்த்து அதையும் மண்ணால் மூடினாள்.

பூஜை ஞாயிற்றுக்கிழமை. பட்டுப்புடவைகளும் ஜாக்கெட்டுகளுமாக ஒரு கூட்டமே வந்திருந்தது. குழந்தைகள் புல்லில் ஓடின. ஈசானியத்தில், அவள் மூடிய அதே இடத்தில், மண் இளகியிருந்ததால் குழி வெட்டச் சுலபமாக இருந்தது. சுற்றிலும் மஞ்சள் குங்குமம் இட்ட செங்கற்கள். பெரிய மஞ்சள் புல்டோசரின் கண்ணாடியில் யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

"அம்மிணி எங்க? அம்மிணியக் கூப்புடுங்க!" நஞ்சுண்டன் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தார். முகமெல்லாம் சந்தோஷம். அதில் கள்ளம் ஏதுமில்லை. "இந்த மூலைய எங்களுக்குக் காட்டிக் குடுத்ததே நீங்கதான். மொதப் பால் நீங்க ஊத்துங்க."

"வேண்டாங்ணா. அக்கா ஊத்தட்டும்."

"அட, சும்மா வா கண்ணு" என்று சாந்தாமணி அவள் கையைப் பிடித்து இழுத்து, வெள்ளிச் சொம்பைக் கொடுத்துவிட்டார். "உன்ற வாய் முகூர்த்தம்தான் இத்தனையும்."

சொம்பு கனத்தது. அவள் குனிந்தபோது சலசலப்பு ஒன்று எழுந்தது. முதலில் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு யாரோ ஒரு பெண் மூச்சை இழுத்து "ஐயோ" என்றாள். குழிக்கு அந்தப் பக்கம், அள்ளிப் போட்ட மண் குவியலின் மேல் ஆண் பறவை வந்து இறங்கியிருந்தது. குழியைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது. தாழ்ந்து எழுந்தது.

"ஆந்தைடி."

"நல்ல காரியம் நடக்கற எடத்துல..."

"யாரோ வடக்கத்திக்காரர் லட்சுமி வாகனம்னு சொன்னாருங்க" என்று நஞ்சுண்டன் சமாளிக்கப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் கையைத் தட்டினார். அது கழுத்தை மட்டும் திருப்பியது. இன்னொருவர் மண்கட்டி ஒன்றை எடுக்கக் குனிந்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

நஞ்சுண்டன் அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, உங்களுக்குத்தான் அதோட பழக்கம். கல்லு கில்லு படறதுக்கு முன்னால, கொஞ்சம் அதை..."

அவள் சொம்பை அவரிடம் கொடுத்தாள். புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு குழியைச் சுற்றி நடந்தாள். பத்தடியில் நின்றாள். அது அவளைப் பார்த்து ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. இன்னும் இரண்டடி வைத்தாள். அப்போதும் அது பறக்கவில்லை. அவள் வந்தால் பறக்க வேண்டும் என்பதை ஏறக்குறைய ஒரு வருஷமாக அவளே அதற்கு மறக்கடித்திருந்தாள்.

கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம் வரை போனாள். மஞ்சள் கண்களில் தன் புடவையின் நிறம் தெரிந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தி அதன் முகத்துக்கு நேராக ஓங்கித் தட்டினாள். "போ" என்று கத்தினாள். தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்குத் தெரியாது.

அது எழும்பியது. தரையை ஒட்டித் தாழ்வாகப் பறந்து, புல்டோசரைச் சுற்றி, வேலியைத் தாண்டி, ஃப்ரீவேயின் பக்கம் போயிற்று. பின்னால் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோருமே தட்டினார்கள். நாதஸ்வரக் கேசட்டை யாரோ சத்தமாக வைத்தார்கள்.

அவள் திரும்பி வந்தாள். நஞ்சுண்டன் சொம்பை மறுபடி அவள் கையில் கொடுத்தார். அவள் ஊற்றினாள். இளகிய மண் பாலை உடனே குடித்துவிட்டது. யாரோ இன்னொரு சொம்பு கொடுத்தார்கள். அதையும் ஊற்றினாள்.

திரும்பும்போது திருமூர்த்தி காரை ஓட்டினான். பின்னிருக்கையிலிருந்து ஓவியா, "வேர் டிட் இட் கோ, அம்மா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"பட் யூ ஆல்வேஸ் நோ."

திருமூர்த்தி கண்ணாடி வழியாக மகளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான். கார் ஃப்ரீவேயில் ஏறியது. புஷ்பவல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சாலை ஓரத்தைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, வீடு வந்துவிட்டது என்று அவன் சொல்லும் வரை அப்படியே இருந்தாள்.